ராத்திரி யாரெல்லாம் பல் தேய்ப்பீர்கள்?

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், "அப்பா, இங்க குத்துது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். காதுவலி என்றுதான் முதலில் நினைத்தேன். காதைத் தொட்டுப் பார்த்தபோது தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். கீழ்வரிசையில் கடைசியாக இருந்த பல்லின் நடுவே கறுப்பாக ஒரு பள்ளம். பென்சில் முனை உள்ளே போகும் அளவுக்கு இருந்தது.

விடியும்வரை அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளம் ஒரே நாளில் விழுந்திருக்காது. தினமும் அவளுக்குச் சோறு ஊட்டியவன் நான், தினமும் அவள் சிரிப்பதைப் பார்த்தவன் நான். ஒரு நாள்கூட அவள் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்ததில்லை. அந்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

காலையில் பல் டாக்டரிடம் போனோம். வலிக்கும் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வேறொன்று செய்தார். அவளுடைய மேல் உதட்டை விரலால் மெதுவாகத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தை எங்களுக்குக் காட்டினார். சுண்ணாம்பு தடவியதுபோல மங்கலான வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. இரண்டு பற்களில் அந்தக் கோடு பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பால் குடித்த கறை என்று நினைத்து விட்டுவிட்டேன். பல்லின் மேல்பூச்சான எனாமலில் இருந்து தாதுச்சத்து கரைந்து போவதற்கான முதல் அடையாளம் அதுதான் என்று டாக்டர் சொன்னார். வெள்ளையாக இருக்கும்போதே கண்டுபிடித்து, எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு என்ற தாது கிடைக்கும்படி செய்து, நன்றாகத் தேய்த்து வந்தால் அதை அங்கேயே நிறுத்தலாம், பல நேரம் பழையபடி திருப்பவும் செய்யலாம். குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது.

உதட்டைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. சின்னப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்துடும்ல?" என்று கேட்டேன்.

"விழும். ஆனா இந்தப் பல் விழ இன்னும் ஆறேழு வருஷம் இருக்கு" என்றார். கடைசிப் பால் பல் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதுவரை மெல்லுவதற்கு அது வேண்டும், அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதற்கும் அது வேண்டும். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் வர வேண்டிய பல் கோணலாகத்தான் வரும். பால் பல்லின் எனாமல் பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய பாதி கனம்தான் என்பதால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும். என் மகளுக்கு நரம்புவரை போயிருந்தது. நரம்புக்குச் சிகிச்சை செய்து, மேலே வெள்ளி நிறத்தில் கேப் போட வேண்டும் என்றார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல ராத்திரி யாரெல்லாம் பல் தேய்ப்பீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். காலையில் எல்லாரும் தேய்ப்போம். ராத்திரி யாருமே தேய்த்ததில்லை. நான் இல்லை, அவள் இல்லை, என் அம்மாவும் இல்லை. மகளிடம் மட்டும் எப்போதாவது "போய்த் தேய்ச்சிட்டு வா" என்று சொல்லியிருக்கிறோம். யாரும் செய்யாத ஒரு காரியத்தை வீட்டிலேயே சின்னவளை மட்டும், அதுவும் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம். இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும், எங்கள் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது என்றே படுகிறது.

கூடவே பாட்டிலும் இருந்தது. ஒரு வயதிலிருந்தே சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் குடித்துக்கொண்டேதான் அவள் தூங்குவாள். தம்பி வந்த பிறகு அம்மாவிடம் ஒட்ட முடியாத ஏக்கம் வேறு. நடுராத்திரியிலும் பாட்டில் கேட்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது, பாட்டில் கொடுத்தால் உடனே தூங்கிவிடுவாள், நானும் கொடுத்தேன். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. பகலில் இனிப்பைக் கழுவிவிடுவதும், கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை முறிப்பதும், கரைந்துபோன தாதுச்சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவதும் உமிழ்நீர்தான். அந்தக் காவல் இல்லாத நேரத்தில் மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கும் நாக்கடியில் ஊறும் உமிழ்நீரும் ஓரளவு காப்பாற்றிவிடும். பாட்டில் சொத்தை பெரும்பாலும் மேல் முன்பல்லில் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம் என்று டாக்டர் ஒரு வழி சொன்னார். முதல் இரண்டு நாள் சர்க்கரையை மட்டும் நிறுத்தினோம். பிறகு பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தோம். ஒவ்வொரு ராத்திரியும் தண்ணீர் கூடியது, பால் குறைந்தது. பதினோராவது நாள் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு அவளே தள்ளி வைத்துவிட்டாள். அந்தப் பதினோரு நாளும் தூங்கும்வரை அவள் முதுகில் கை வைத்தபடி பக்கத்தில் படுத்திருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது பாலைவிட அதுதான் போலிருக்கிறது.

பல் தேய்ப்பது அவ்வளவு சுலபமாக அமையவில்லை. முதல் வாரம் தினமும் அழுகை. வலி வந்த பயத்தில் நானும் அவசரப்பட்டேன். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு கட்டாயமாகத் தேய்த்துவிட்டேன். மறுநாள் பிரஷ்ஷைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அதற்கப்புறம் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டு, அவள் ஏன் மறுக்கிறாள் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

முதல் காரணம் நேரம். ஒன்பதரை மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும் பிள்ளையை எழுப்பி வாயைத் திறக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்திலேயே, விளையாட்டு மனநிலையில் இருக்கும்போதே, பல் தேய்ப்பதை வைத்துக்கொண்டோம். அதன் பிறகு தண்ணீர் மட்டும்தான் என்பது எல்லாருக்கும் சட்டம். நாங்கள் செய்த மாற்றங்களிலேயே மிகச் சுலபமானதும் மிக அதிகமாகப் பலன் தந்ததும் இதுதான்.

இரண்டாவது காரணம் வலி. மேல் உதட்டின் உட்புறத்தை முன்பல் ஈறோடு இணைத்து நடுவில் ஒரு சின்ன சதை நாடா இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுரீர் என்று வலிக்கும். எனக்கு அது தெரியாமல் தினமும் இடித்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலால் உதட்டைத் தூக்கி, அந்த நாடாவின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும் என்று டாக்டர் செய்து காட்டினார். அன்றோடு பாதி அழுகை நின்றது.

மூன்றாவது, நான் நின்ற இடம். எதிரே நின்று தேய்த்தால் எனக்குப் பின்பற்கள் தெரியவே இல்லை. தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால் எல்லாப் பல்லும் தெரிந்தது. இன்னும் சின்னக் குழந்தையாக இருந்தால் இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலையை ஒருவர் மடியிலும் காலை இன்னொருவர் மடியிலும் வைத்துக்கொள்ளலாம். என் மகனுக்கு அப்படித்தான் தேய்த்தோம்.

எங்கே தொடங்குவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாரும் முன்பல்லில் தொடங்குவார்கள். பின்னால் போகும்போது பிள்ளையின் பொறுமை தீர்ந்திருக்கும். நான் அதை மாற்றினேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கம் முதலில், அப்புறம் மேல்வரிசைக் கடைசிப் பல்லின் கன்னப் பக்கம். மிக அதிகமாக விட்டுப்போகும் இடங்கள் இவை. முன்பல் கடைசியில்தான். பிரஷ் முனை ஈறையும் பல்லையும் சேர்த்துத் தொடும்படி சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் போதும். அழுத்தக் கூடாது. இரண்டு பல் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் அந்த இடுக்குக்குள் பிரஷ் போகாது, இடுக்கில் விட்டு எடுக்கும் மெல்லிய பல்நூல்தான் (ஃபிளாஸ்) வேண்டும். என் மகளின் பள்ளம்கூட அப்படியோர் இடுக்கில்தான் தொடங்கியதாம்.

எத்தனை வயதுவரை நாம் தேய்த்துவிட வேண்டும்? ஏழெட்டு வயதுவரை. நான்கு வயதில் "நானே தேய்ப்பேன்" என்று அவள் சொன்னதும் பெருமையாக விட்டுவிட்டவன் நான். அந்த வயதில் விரல்களுக்கு அந்த நுட்பம் வந்திருக்காது. ஷூ நாடாவைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியும் காலம்வரை பல் தேய்ப்பது நம் வேலை என்று டாக்டர் ஓர் அடையாளம் சொன்னார். அவள் ஆசைக்கு முதலில் அவள் தேய்ப்பாள், பிறகு நான் தேய்ப்பேன். ஆசையைத் தடுக்கவில்லை, வேலையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதெல்லாம் கைப்பழக்கம். வீட்டை மாற்றியது வேறு. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து தேய்ப்பது என்று முடிவு செய்த அன்று மகள் ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் அவள் எனக்குத் தேய்த்துவிட வேண்டுமாம். சரி என்று தரையில் படுத்தேன். மிகுந்த கவனத்தோடு தேய்த்தவள் திடீரென்று பயந்துபோய், "அம்மா! அப்பாவுக்கு ரத்தம்!" என்று கத்தினாள். என் ஈறில் ரத்தம் கசிந்தது அன்று மட்டுமல்ல, பல வருஷமாகவே. சாதாரணம் என்று நினைத்திருந்தேன். பல்லோரம் படியும் கிருமிப் படலத்தால் ஈறு வீங்கியிருப்பதன் அறிகுறி அது என்றும், ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் இன்னும் மோசமாகும் என்றும் டாக்டர் விளக்கினார். பற்களைச் சுத்தம் செய்துகொண்டு, இரண்டு வேளையும் மென்மையாகத் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. தினமும் என் வாயைச் சோதித்து "இன்னிக்கு இல்லை" என்று அறிவிக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். அவள் பல்லை நான் பார்ப்பதும் என் ஈறை அவள் பார்ப்பதும் ஒரே வேலையானபோது அவளுடைய எதிர்ப்பு மெல்ல மெல்ல மறைந்துவிட்டது.

என் அம்மாவை எப்படிச் சேர்ப்பது என்றுதான் தயங்கினேன். பேத்திக்கு மாலையில் மிட்டாய் கொடுப்பது அவருக்கு ஒரு சந்தோஷம். "பால் பல்லுக்குப் போய் இவ்வளவு கவலையா" என்று முதலில் சொன்னார். அவருக்கு இருப்பது பல் செட். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பார். ஒருநாள் மகள் அதைப் பார்த்து, "பாட்டி, உன் பல்லெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு பல்லாகச் சொல்ல ஆரம்பித்தார். எது எந்த வயதில் வலித்தது, வலித்ததும் பிடுங்கிவிடுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தது, விருப்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எதையெல்லாம் விட வேண்டியிருந்தது. நான் அவர் மகன், எனக்கே அந்தக் கதை தெரியாது. மறுநாளிலிருந்து அம்மாவும் எங்களோடு வந்து நின்றார், பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தேய்த்தபடி.

கதை சொல்லும் வேலையும் அவருக்கே போனது. இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும், அந்த இரண்டு நிமிடமும் பாட்டி கதை சொல்வார். பிரஷ் நின்றால் கதையும் நிற்கும். முக்கியமான கட்டத்தில் "மிச்சம் நாளைக்கு" என்பார். அடுத்த ராத்திரி மகள்தான் எல்லாரையும் அழைப்பாள். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் அட்டையும் வாங்கினோம். மூன்று வாரத்தில் அது அலுத்துவிட்டது. கதை மட்டும் அலுக்கவில்லை.

பேஸ்ட் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது, நாங்கள் பின்பற்றியதைச் சொல்கிறேன். படமும் நிறமும் பார்த்து வாங்காமல், ஃபுளோரைடு இருக்கிறதா என்று அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்கினோம். 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவாவது இருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரப் படங்களில் பிரஷ் முழுக்க நெளிநெளியாக வைத்துக் காட்டுவது பிள்ளைகளுக்கு மிக அதிகம். பல் உருவாகும் வயதில் தொடர்ந்து நிறைய விழுங்கினால் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் வரலாம் என்பதால் பேஸ்ட் டியூப் எப்போதும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கும். குடிநீரிலேயே ஃபுளோரைடு அதிகமாக உள்ள பகுதி என்றால் எந்தப் பேஸ்ட் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எரிகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், புதினாக் காரம் சின்ன நாக்குக்கு நிஜமாகவே எரியும். காரமில்லாத பேஸ்ட் மாற்றியதும் என் மகள் வாயைத் தயங்காமல் திறந்தாள்.

பெரியவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்த ஒன்று, தேய்த்து முடித்து நுரையைத் துப்பியதும் வாய் கொப்பளிக்காமல் இருப்பது. நாலைந்து முறை கொப்பளித்துப் பழகியவர்கள் நாங்கள். கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடு தண்ணீரோடு போய்விடும். துப்பினால் போதும். எனக்கு இது பழக ஒரு மாதம் ஆனது. பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிவிட்டார்கள்.

அடுத்தது சாப்பாடு. மூன்று நாளைக்கு மகள் வாயில் இனிப்பு எத்தனை தடவை போகிறது என்று எழுதிக் கொண்டு வரச் சொன்னார் டாக்டர். எவ்வளவு என்று கேட்கவில்லை, எத்தனை தடவை என்றுதான் கேட்டார். ஒரு நாளில் பதினொன்று வந்தது. காலைப் பால், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன ஜூஸ் (அதையும் அவள் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியிருக்கிறாள்), பிஸ்கட், மிட்டாய், இருமல் சிரப், மறுபடி பால்.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகும். ராபர்ட் ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர் 1940-களில் இதை அளந்து வரைபடமாகக் காட்டினார், இன்றும் பல் மருத்துவம் படிப்பவர்கள் அந்த வளைகோட்டைப் படிக்கிறார்கள். கைப்பிடி மிட்டாயை ஒரே நேரத்தில் தின்றால் ஒரு தாக்குதல். அதையே மணிக்கு ஒன்றாகத் தின்றால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

ஸ்வீடனில் லுண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945 முதல் 1955 வரை நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மிக அதிகமாகக் கூடியது. அதற்காகப் பற்களை இழந்தவர்கள் அங்கே பராமரிக்கப்பட்டுவந்த மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அந்தக் கொடுமையை நினைக்காமல் அந்த முடிவை என்னால் சொல்ல முடிவதில்லை. அதற்குப் பிறகு ஸ்வீடனில் பிள்ளைகளுக்கு இனிப்பை வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மட்டும் கொடுக்கும் பழக்கம் ஊக்குவிக்கப்பட்டது.

நாங்கள் இனிப்பைத் தடை செய்யவில்லை. தடை செய்தால் ஒளித்துத் தின்னும் பழக்கம்தான் வரும். எது தின்றாலும் சாப்பாட்டோடு சேர்த்து, ஒரே தடவையாக. பாட்டியின் மிட்டாய் மாலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு மாறியது, கொடுக்கும் சந்தோஷம் அவரிடமே இருந்தது. இடையில் பசித்தால் பழம், கடலை, சர்க்கரை இல்லாத தயிர், பள்ளிப் பையில் தண்ணீர் மட்டும். பிஸ்கட் மிட்டாயைவிடச் சாது என்று நினைத்திருந்தேன். அது மாவாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு நெடுநேரம் இருக்கும். இருமல் சிரப்பிலும் பல நேரம் சர்க்கரை இருக்கும். பல் தேய்த்த பிறகு சிரப் கொடுத்துத் தூங்க வைப்பதை விட்டு, சிரப்புக்குப் பிறகு தேய்க்க ஆரம்பித்தோம். பதினொன்று மெதுவாக நான்கானது. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

கேப் போட்ட நாள் பற்றி ஒரு வார்த்தை. "அடம் பிடிச்சா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று எங்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறோம். அந்த வார்த்தையின் விலை அன்றுதான் தெரிந்தது. நாற்காலியில் ஏறவே மறுத்தாள். டாக்டர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கருவியையும் பெயர் சொல்லி, அவள் நகத்தின் மேல் வைத்துக் காட்டி, அப்புறம்தான் வாய்க்குக் கொண்டுபோனார். "வலிக்காது, வலிக்காது" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெளியே அழைத்து, அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்றார். பிள்ளையின் காதில் 'வலி' மட்டும்தான் விழுமாம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை, வலி இல்லாதபோதே போகிறோம். போய் வாயைத் திறந்து, பற்களில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொண்டு வருவதோடு சரி. அதனால் அவளுக்கு இப்போது அந்த இடத்தில் பயம் இல்லை.

மகனுக்கு எல்லாமே முன்கூட்டித் தொடங்கினோம். பல் முளைப்பதற்கு முன்பே ஈரத் துணியால் ஈறைத் துடைத்தோம். ஏழாவது மாதம் முதல் பல் எட்டிப்பார்த்த அன்றே அரிசி அளவு பேஸ்ட்டோடு பிரஷ். முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டரிடம் போய்வந்தோம். சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் பெற்றோரின் எச்சில் வழியாகத்தான் குழந்தைக்குப் போகின்றன என்று தெரிந்ததும், அவன் ஸ்பூனை எங்கள் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதை நிறுத்தினோம். அதைவிட முக்கியமாக, நானும் மனைவியும் எங்கள் சொத்தைகளை முதலில் அடைத்துக்கொண்டோம். ஆனாலும் அவன் பழகியதற்கு முதல் காரணம் இவை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நிற்கப் பழகிய நாள் முதல் அவன் பார்த்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பிரஷ்ஷோடு நிற்கும் ஒரு வீட்டை. அக்காவுக்கு நாங்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்தது, அவனுக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது போல ஒரு வழக்கம்.

விட்டுப்போன ராத்திரிகளும் உண்டு. காய்ச்சல், பயணம், விருந்தாளிகள் வந்த நாள். தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பித் திட்டித் தேய்க்க வைப்பதில்லை, மறுநாள் வழக்கம்போலத் தொடர்வோம். பயணப் பையில் ஐந்து பிரஷ்ஷும் முதலில் போகும். வாந்தி எடுத்தால் உடனே தேய்க்க மாட்டோம். அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத்தான் தேய்க்க வேண்டும்.

மகளுக்கு ஆறு வயதில் நான்கு புதுக் கடைவாய்ப் பற்கள் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைத்தன. இதைப் பெற்றோர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பல்லும் விழாமல் ஓசையின்றி வருவதால் இதையும் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் இது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் எளிதில் சொத்தையும் பிடிக்கும். முழுவதும் வெளியே வந்ததும் அந்தப் பள்ளங்களைச் சீலண்ட் என்ற மெல்லிய பூச்சால் அடைத்துவிட்டார்கள். ஊசி இல்லை, குடைவது இல்லை, சில நிமிட வேலை. அடுத்த வருஷம் கீழ் முன்பல் விழாமலே அதற்குப் பின்னால் இன்னொன்று முளைத்து எங்களைப் பதற வைத்தது. பல பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். பால் பல் ஆடிக்கொண்டிருந்ததால் பொறுத்திருந்தோம். மூன்று வாரத்தில் அது விழுந்தது, பின்னால் வந்ததை நாக்கே மெல்ல முன்னால் தள்ளிவிட்டது. ஆடவே இல்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

எட்டு வயதில் ஒருநாள் பந்து பட்டு வாயில் ரத்தம். பல் தப்பியது, ஆனால் அன்று கேட்டு வைத்துக்கொண்டதை எழுதிவிடுகிறேன். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் சட்டென்று அலசிவிட்டு, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்திப் பிடித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே இருக்கும் புதுப் பல்லுக்குச் சேதம் வரும்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. தானே தேய்க்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லில் அழுக்கு இருக்கும் இடத்தை மட்டும் நிறம் மாற்றிக் காட்டும் மாத்திரையை எல்லாரும் மென்று கண்ணாடி முன் நிற்போம். போன மாதம் அவளுக்கு வலப்பக்கக் கீழ்க் கடைவாயில் ஓரிடம், எனக்கு நான்கு இடம். வெள்ளி நிறக் கேப் போட்ட பல் லேசாக ஆடத் தொடங்கியிருக்கிறது. ஆறு வருஷம் தன் இடத்தைக் காத்து நின்ற பல். விழுந்தால் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று டப்பா ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறாள்.

நேற்று ராத்திரி மகன் தலையை மடியில் வைத்துத் தேய்க்கும்போது டார்ச் வெளிச்சத்தில் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. அவனுடைய ஆறு வயதுப் பல். பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும், முழுதாக மேலே வரும்வரை கன்னப் பக்கமிருந்து குறுக்காக விட்டுத் தனியாகத் தேய்க்க வேண்டும். அக்கா பக்கத்தில் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள். பாட்டி கதையை நிறுத்திவிட்டு, எனக்கும் காட்டு என்று எட்டிப் பார்த்தார்.